காற்றையும் சேர்த்து உலகத்தை விட்டு வெளியேற முடியுமா?

வெளிவாசல் | ஜூன் 3, இரவு 11:20

எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் என்று தோன்றாத ஆள் இருக்க முடியாது. அந்த ஆசையின் கடைசி எல்லை எது என்பதுதான் என் கேள்வி. ஓர் ஆள், ஓர் அறை. கதவை அடைத்த பிறகு காற்று, தண்ணீர், சாப்பாடு, பேச்சு எதுவும் உள்ளே வரக்கூடாது, உள்ளிருந்தும் எதுவும் வெளியே போகக்கூடாது. மின்சாரம் மட்டும் வரலாம், பூமிக்கே வெயில் வெளியிலிருந்துதானே வருகிறது. இப்படி ஒரு வருஷம் இருக்க முடியுமா? முடியாதென்றால் முதலில் எது தடுக்கும்? குகைக்குள் போனவர்கள், தூண் மேல் உட்கார்ந்தவர்கள், ராக்கெட்டில் ஏறியவர்கள் எல்லாரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இவர்களில் யாராவது நிஜமாகவே வெளியேறியிருக்கிறார்களா?

மூடுகலம் | ஜூன் 4, காலை 6:45

முதலில் தடுப்பது கரியமில வாயு. ஆக்சிஜன் தீர்வதற்கு வெகுநேரம் முன்பே அது ஆளைச் சாய்த்துவிடும்.

சராசரி ஆள் ஒருவர் ஒரு நாளைக்குச் சுமார் 0.84 கிலோ ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயுவை விடுகிறார். அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் என்று வையுங்கள், 30 கன மீட்டர். அதிலுள்ள ஆக்சிஜன் 8 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், ஆகவே பல நாள் தாங்கும் போலத் தோன்றும். ஆனால் 1 கிலோ கரியமில வாயு என்பது அரை கன மீட்டருக்கும் சற்று அதிகம், அதாவது இந்த அறையில் நாளுக்கு 1.8 சதவீதம் ஏறும். வேலையிடங்களில் 8 மணி நேரச் சராசரிக்கு வைத்திருக்கும் வரம்பு 0.5 சதவீதம். அது ஆறேழு மணி நேரத்திலேயே தாண்டிவிடும். 40 மணி நேரத்தில் 3 சதவீதம்: மூச்சு வாங்கும், தலை பிளக்கும். இரண்டு நாள் தாண்டியதும் 4 சதவீதம், அது உயிருக்கு நேரடி ஆபத்து. அப்போதும் அறையில் ஆக்சிஜன் 16 சதவீதத்துக்கு மேல்தான் இருக்கும்.

யாரும் இதை அறையை அடைத்துச் சோதித்துப் பார்க்காதீர்கள். கரியமில வாயு ஏறும்போது உடம்பு எச்சரிக்கும், ஆனால் அந்த நேரத்தில் முடிவெடுக்கும் புத்தி மங்கியிருக்கும்.

மூடுகலம் | ஜூன் 4, காலை 7:10

மேலே சொன்னதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. கரியமில வாயுவை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு ஆக்சிஜனைச் சேர்க்காமல் விடுவதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு. மூச்சுத் திணறல் என்ற உணர்வைத் தருவது பெரும்பாலும் கரியமில வாயு. அதை எடுத்துவிட்டால் ஆக்சிஜன் குறைவது தெரியவே தெரியாது. நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்போதே நினைவு போய்விடும். இரண்டுக்கும் தனித்தனி சென்சார், தனித்தனி அலாரம் இல்லாமல் எந்த மூடிய கலத்துக்குள்ளும் ஆள் போகக்கூடாது.

வெளிவாசல் | ஜூன் 4, மதியம் 1:05

சரி, உறிஞ்சவும் ஆக்சிஜன் உண்டாக்கவும் கருவி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது?

மூடுகலம் | ஜூன் 4, இரவு 9:30

கருவி இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றும் ஒரு மிச்சத்தை விட்டுவைக்கும். உங்கள் நிபந்தனைப்படி மிச்சம் எதையும் வெளியே தள்ள முடியாது.

உறிஞ்சுவதற்கு எளிய பொருள் லித்தியம் ஹைட்ராக்சைடு. 1 கிலோ கரியமில வாயுவுக்குக் கணக்குப்படி 1.1 கிலோ வேண்டும், நடைமுறையில் இன்னும் அதிகம். ஒரு முறை உறிஞ்சினால் முடிந்தது. ஒரு வருஷத்துக்கு 400 கிலோவுக்கு மேல் அறைக்குள் அடுக்கியாக வேண்டும். 1970இல் அப்போலோ 13 விண்கலத்தில் மூன்று பேர், இரண்டு பேருக்கான நிலவு இறங்குகலத்தில் ஒதுங்கியபோது இதை அடைத்த டப்பாக்கள்தான் பற்றாமல் போயின. முதன்மைக் கலத்தின் டப்பாக்கள் சதுரம், இறங்குகலத்தின் துளை வட்டம். பிளாஸ்டிக் உறை, அட்டை, குழாய், ஒட்டுநாடா கொண்டு இரண்டையும் இணைத்துத்தான் பிழைத்தார்கள்.

திரும்பத் திரும்பப் பயன்படுத்த, நுண்துளைகளில் வாயுவைப் பிடித்து வைக்கும் சியோலைட் என்ற கனிம மணிகள் உண்டு. குளிர்ந்த நிலையில் பிடிக்கும், சூடாக்கினால் விடும். சிக்கல் என்னவென்றால் சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டு மணிகள் பொடிந்து, தூள் போய் வால்வில் அடைத்துக்கொள்ளும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் இதற்காகவே பலமுறை பிரித்து மாட்டியிருக்கிறார்கள்.

ஆக்சிஜனுக்குத் தண்ணீரைப் பிளக்கலாம். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.95 கிலோ தண்ணீர், 5 யூனிட் போல மின்சாரம். கூடவே சுமார் 105 கிராம் ஹைட்ரஜன் வரும். அந்த ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு நிக்கல் அல்லது ருத்தேனியம் வினையூக்கி மேல் செலுத்தினால் மீத்தேனும் தண்ணீரும் கிடைக்கும். இதுதான் சபாட்டியே வினை. ஆனால் 1 கிலோ கரியமில வாயுவை முழுதும் மாற்ற 180 கிராம் ஹைட்ரஜன் வேண்டும். கையில் இருப்பதோ 105. ஆகவே நாளுக்கு 400 கிராமுக்கு மேல் கரியமில வாயு அப்படியே நிற்கும், மீத்தேனும் சேர்ந்துகொண்டே போகும். விண்வெளி நிலையத்தில் இரண்டையும் வெளியே விட்டுவிடலாம். உங்கள் அறையில் விட இடமில்லை.

மூடுகலம் | ஜூன் 4, இரவு 9:55

தண்ணீர் பற்றி ஒரு வரி. விண்வெளி நிலையம் 2023இல் தண்ணீரில் 98 சதவீதத்தை மீட்கும் நிலையை எட்டியது. அங்கே சிறுநீரைக் காய்ச்சி வடிக்கும் கருவி முன்பு ஒருமுறை அடைத்துப்போனது, காரணம் கால்சியம் சல்பேட் படிவு. எடையற்ற நிலையில் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து சிறுநீரில் கூடுதலாக வரும். தரையில் வைத்துச் சோதித்தபோது அந்த அளவு இல்லை. ஆளின் எலும்பே போய்க் கருவியை அடைத்திருக்கிறது. மூடிய இடத்தில் உடம்பும் குழாயமைப்பின் ஒரு பாகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

பச்சையம் | ஜூன் 5, காலை 5:50

மூடுகலம் சொன்ன மிச்சம் எல்லாம் செடிக்கு உணவு. ரசாயனக் கருவி எதுவும் சாப்பாட்டை உண்டாக்காது, ஆகவே ஒரு வருஷம் என்றால் செடி இல்லாமல் ஆகாது.

நல்ல வெளிச்சத்தில் ஒருவரின் ஆக்சிஜனுக்கு 20 முதல் 25 சதுர மீட்டர் பயிர் போதும். முழுச் சாப்பாட்டுக்கும் என்றால் ஏறத்தாழ 50. எல்.இ.டி. விளக்கு சதுர மீட்டருக்கு 200 வாட், நாளுக்கு 16 மணி நேரம் எரிந்தால் 160 யூனிட். இவ்வளவையும் கொட்டினால் கிடைப்பது மூன்று யூனிட் பெறுமான சாப்பாடு. மீதி அத்தனையும் வெப்பமாக அறையிலேயே நிற்கும். விளக்கு எரியும் நேரமெல்லாம் 10 கிலோவாட் வெப்பத்தைச் சுவர் வழியே வெளியேற்றியாக வேண்டும். காற்று போகக்கூடாது என்றீர்கள், வெப்பம் போகலாமா? போகாவிட்டால் மறுநாளே பயிர் வெந்துவிடும்.

வெளிவாசல் | ஜூன் 5, காலை 8:15

வெப்பம் போகலாம். பூமியும் இரவெல்லாம் வெப்பத்தை வெளியேதான் விடுகிறது.

பச்சையம் | ஜூன் 5, இரவு 10:40

அப்படியானால் வழி உண்டு, முன்மாதிரியும் உண்டு. சைபீரியாவின் கிராஸ்நோயார்ஸ்கில் பயோஸ்-3 என்ற 315 கன மீட்டர் மூடிய கலத்தைக் கட்டினார்கள். மூன்று பேருக்கானது. குளோரெல்லா பாசி, கோதுமை, காய்கறி, நீர் சுற்றிக் குளிர்விக்கும் செனான் விளக்குகள். 1972-73இல் நடந்த மிக நீண்ட சோதனை 180 நாள். காற்றும் தண்ணீரும் ஏறக்குறைய முழுதாகச் சுழன்றன. சாப்பாட்டில் ஒரு பகுதி, குறிப்பாக உலர்த்திய இறைச்சி, முன்பே சேமித்தது.

பயிரோடு வாழ்வதில் எங்கே இடிக்கும் என்று சொல்கிறேன். கோதுமையில் பாதிக்கு மேல் வைக்கோலும் வேரும். அதை அப்படியே குவித்தால் கார்பன் அதில் சிறைப்பட்டு, பயிருக்குக் கரியமில வாயு பற்றாமல் போகும். எரித்தாலோ மட்கவைத்தாலோ செடி தந்த ஆக்சிஜனில் ஒரு பங்கை அது திரும்ப எடுத்துக்கொள்ளும். எரிக்கும் வேகமும் வளரும் வேகமும் பொருந்த வேண்டும். ஒரே நாளில் மொத்தமாக விதைத்தால் ஒரே நாளில் அறுவடை, பிறகு பல வாரம் காற்றைச் சுத்தம் செய்ய இலையே இருக்காது. ஆகவே ஐந்தாறு வயதில் பயிர் எப்போதும் நிற்கும்படி தவணை முறையில் விதைக்க வேண்டும்.

அடுத்தது உப்பு. நாம் சாப்பிடும் சோடியம் சிறுநீரில் அப்படியே வரும். அதைப் பாத்தியில் விட்டால் சில சுற்றிலேயே கோதுமை கருகத் தொடங்கும். சாப்பாட்டில் உப்பைக் குறைப்பது ஒரு வழி, உவர் தாங்கும் பயிரை இடையில் வைத்து அதையே உண்பது இன்னொரு வழி.

எத்திலீன் வாயுவையும் விட முடியாது. செடியே விடும் இது, திறந்த வெளியில் கலைந்துவிடும். மூடிய கலத்தில் மிகச் சிறு அளவு சேர்ந்தாலும் கோதுமை மகரந்தம் மலடாகும். ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் 1990களில் வளர்த்த குட்டைக் கோதுமை கதிர் விட்டது, கதிரைப் பிரித்தால் உள்ளே மணியே இல்லை. வினையூக்கி வைத்து எத்திலீனைச் சிதைக்காமல் கோதுமை போடாதீர்கள்.

மூடுகலம் | ஜூன் 6, காலை 6:20

பயோஸ்-3 பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மண் போட்டு வளர்க்கப் போகிறவர்கள் முதலில் பயோஸ்பியர் 2 கதையை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அரிசோனாவில் 1.27 ஹெக்டேர் கண்ணாடிக் கூடம், 8 பேர், 1991 செப்டம்பர் 26 முதல் 1993 செப்டம்பர் 26 வரை. ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 16 மாதத்தில் 14.2க்கு இறங்கியது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்தினார்கள்.

இறங்கியதன் காரணம் மண். உரம் மிகுந்த மண்ணில் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை விட்டன. அப்படியானால் கரியமில வாயு அதே அளவு ஏறியிருக்க வேண்டும், ஆனால் ஏறவில்லை, அதனால் கணக்கு பல மாதம் பிடிபடவில்லை. பூச்சுப் பூசாத கான்கிரீட் அதைக் குடித்துக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றிக்கொண்டிருந்தது. ஆகவே உங்கள் அறையில் கான்கிரீட், சுண்ணாம்பு, பூச்சில்லாத எந்தப் பரப்பும் காற்றில் படக்கூடாது. மண்ணுக்குப் பதில் நீர்க்கரைசல் வளர்ப்பு.

பச்சையம் | ஜூன் 6, காலை 6:55

அங்கே குளிர்காலத்தில் மேகமூட்டம் அதிகம், கண்ணாடியும் சட்டமும் சேர்ந்து வெயிலில் பெரும்பகுதியை மறைத்தன. 2,000 சதுர மீட்டருக்கு மேல் விளைநிலம் இருந்தும் எட்டுப் பேரும் மெலிந்தார்கள். நான் சொன்ன 50 சதுர மீட்டர், விளக்கு குறையாமல் எரிந்தால் மட்டும்.

மூடுகலம் | ஜூன் 6, இரவு 8:00

எல்லாரும் மறப்பது அழுத்தம். காற்று கசியாத அறையில் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் 3.4 சதவீதம் கூடும். சதுர மீட்டருக்கு 350 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். 2 சதுர மீட்டர் கதவு மேல் 700 கிலோ. விளக்கு எரிந்து அணையும் ஒவ்வொரு சுற்றிலும் சுவர் புடைத்து உள்வாங்கும், ஒரு மாதத்தில் இணைப்புகள் கசியத் தொடங்கும். பயோஸ்பியர் 2இல் இதற்காக ரப்பர் சவ்வு கட்டிய இரண்டு பெரிய கூடங்களை வைத்தார்கள். காற்று விரிந்தால் சவ்வு மேலே போகும், சுருங்கினால் இறங்கும். 30 கன மீட்டர் அறைக்கு 3 கன மீட்டர் கொள்ளும் தளர்ந்த பை ஒன்று குழாயில் இணைந்திருந்தால் வெப்பத்தையும் வெளியே வானிலை மாறுவதையும் சமாளிக்கும். 50 சதுர மீட்டர் பயிர் வைத்தால் அறை பெரிதாகும், பையும் அதே விகிதத்தில் பெரிதாக வேண்டும்.

தனியறை | ஜூன் 7, மாலை 4:30

கேள்வியின் பின்பாதியை யாரும் தொடவில்லை.

துறந்து போனவர்கள் ஒருவரும் எல்லா வாசலையும் அடைத்ததில்லை. எந்த வாசலைத் திறந்து வைப்பது என்பதைத்தான் ஒவ்வொரு மரபும் விதியாக எழுதி வைத்தது.

இடைக்கால ஐரோப்பாவில் தேவாலயச் சுவரை ஒட்டி ஓர் அறை கட்டி, அதற்குள் ஒருவரை ஆயுள் முழுதும் அடைப்பார்கள். உள்ளே போகும் நாளில் இறுதிச்சடங்கின் மந்திரங்களை ஓதுவதும் உண்டு. அந்த அறைக்கும் பொதுவாக மூன்று சன்னல்: ஒன்று பலிபீடத்தைப் பார்க்க, ஒன்று தெருப்பக்கம், பேச வருபவர்களுக்காகத் திரைச்சீலையோடு, ஒன்று பணிப்பெண் சாப்பாடு கொடுத்துக் கழிவை எடுத்துப் போக. இங்கிலாந்தின் நார்விச்சில் இப்படி வாழ்ந்த ஜூலியன் என்ற பெண் துறவிக்கு எழுதப்பட்ட உயில்களில் அவருடைய பணிப்பெண்களுக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

சிரியாவின் அலெப்போ அருகே தூண் மேல் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்து 459இல் இறந்த கிறிஸ்தவத் துறவி சிமியோனுக்கும் ஏணி இருந்தது. கூட்டத்திலிருந்து தப்பத்தான் ஏறினார், ஏறிய பிறகு கூட்டம் பெருகியது. கார்த்தூசியன் என்ற கிறிஸ்தவச் சபையின் துறவிகள் 1084 முதல் இன்றுவரை தனித்தனி வீட்டில் வாழ்கிறார்கள், சாப்பாடு கதவோரச் சிறு பொந்து வழியே வரும். அவர்களுக்கும் வாரம் ஒரு நாள் சேர்ந்து நடந்தபடி பேசும் நேரம் கட்டாயம்.

பௌத்த பிக்குகளுக்கான விதி இன்னும் கூர்மை. தண்ணீரும் பல்குச்சியும் தவிர, பிறர் கையால் தராத எதையும் வாயில் வைக்கக் கூடாது. வாங்கிய சோற்றை இரவு தாண்டிச் சேமிக்கக் கூடாது. காட்டில் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் தினம் ஒரு மனிதரைப் பார்த்தாக வேண்டும். உணவு வழியே உலகத்தோடு கட்டிவைத்து, மற்ற வழிகளில் அவிழ்த்துவிட்டார்கள். இது யோசித்துச் செய்த ஏற்பாடு.

வெளிவாசல் | ஜூன் 7, இரவு 10:10

ராக்கெட்?

மூடுகலம் | ஜூன் 8, காலை 6:30

பூமியின் ஈர்ப்பை விட்டு மீள நொடிக்கு 11.2 கிலோமீட்டர். ஆற்றலாகச் சொன்னால் கிலோவுக்கு 17 யூனிட் சொச்சம், 70 கிலோ ஆளுக்கு 1,200 யூனிட். பச்சையம் சொன்ன பயிர்விளக்கு எட்டே நாளில் அதைவிட அதிகம் இழுக்கும். ஆளைத் தூக்குவது சுலபம், எரிபொருளைத் தூக்க எரிபொருள் வேண்டியிருப்பதால்தான் ராக்கெட் அவ்வளவு பெரிதாகிறது. அப்படி மீண்டாலும் சூரியன் பிடித்து வைத்திருக்கும். அதையும் தாண்ட, பூமியிலிருந்தே கிளம்பினால் நொடிக்குச் சுமார் 16.6 கிலோமீட்டர். 400 கிலோமீட்டர் உயரத்தில் மிதப்பவர்கள் மேல் ஈர்ப்பு இன்னும் 89 சதவீதம் இருக்கிறது, அவர்கள் ஓயாமல் விழுந்துகொண்டே சுற்றுகிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்திலும் இந்த மூடிய அறைதான் வேண்டும்.

தனியறை | ஜூன் 8, இரவு 9:15

பேச்சையும் பொழுதையும் அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரெஞ்சுக் குகை ஆய்வாளர் மிஷேல் சிஃப்ரேயைச் சொல்ல வேண்டும். 1962இல் ஆல்ப்ஸ் மலையின் ஒரு பனிக்குகையில் கடிகாரம் இல்லாமல் இரண்டு மாதம் இருந்தார். வெளியே வந்த நாள் செப்டம்பர் 14, அவர் கணக்கில் ஆகஸ்ட் 20. இரண்டு நிமிஷம் என்று நினைத்து 120 வரை எண்ணியபோது ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. மாஸ்கோவில் 2010-11இல் ஆறு பேரை 520 நாள் அடைத்து வைத்த, செவ்வாய்ப் பயணத்துக்கு ஒத்திகையான மார்ஸ்-500 சோதனையில் நாள் போகப் போக நடமாட்டம் குறைந்தது, உறக்கம் குலைந்தது.

முதலில் குலைவது உறக்கம், அதனால் அதைத்தான் கவனிக்க வேண்டும். நீண்ட மௌனப் பயிற்சிக்கு ஆள் சேர்ப்பவர்கள் முன்கூட்டியே மனநலம் பற்றிக் கேட்பதும் இதனால்தான். உயிர் வாழவே அலுத்துப்போய் ஒதுங்க நினைப்பவருக்குத் தனியறை மருந்தாகாது, அவருக்கு இன்னொரு மனிதர் பக்கத்தில் இருக்க வேண்டும். வெளிவாசல், நீங்கள் அந்த நிலையில் இருந்தால் இங்கே எழுதுவதோடு நிறுத்தாமல் நெருங்கிய ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள்.

வெளிவாசல் | ஜூன் 9, காலை 7:40

அந்த நிலையில் இல்லை, கேட்டதற்கு நன்றி. சத்தமும் அவசரமும்தான் வேண்டாம். காற்றை அடைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். 13 வாரம், ஓர் அறை, ஒரு பொந்து, பேச்சு இல்லை, போன் இல்லை. இதற்கு என்ன ஏற்பாடு?

தனியறை | ஜூன் 9, இரவு 8:50

பொந்துக்கு உள்பக்கம் ஒரு கதவு, வெளிப்பக்கம் ஒரு கதவு. ஒன்று திறந்திருக்கும்போது மற்றது திறக்காதபடி தாழ்ப்பாள். முகம் பார்க்காமல் பண்டம் மாறும். உலர்ந்த தானியம், பருப்பு நாளுக்கு 600 கிராம் என்றால் வாரம் நாலேகால் கிலோ. எழுதித் தரும் சீட்டில் பொருள் பெயர் மட்டும் இருக்கட்டும், செய்தி எழுதத் தொடங்கினால் இரண்டாம் வாரமே அது கடிதப் போக்குவரத்தாகிவிடும்.

வாரம் ஒரு முறை பொந்து திறப்பது சாப்பாட்டுக்குப் போதும், பாதுகாப்புக்குப் போதாது. தினமும் காலையில் உள்ளிருந்து ஒரு பலகையைத் திருப்பி வையுங்கள், ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. மதியத்துக்குள் திரும்பவில்லையென்றால் வெளியே இருப்பவர் தட்ட வேண்டும், பதில் இல்லையென்றால் உடனே உள்ளே வர வேண்டும். அந்த வெளி ஆளுக்கும் காய்ச்சல் வரும், ஊருக்குப் போக வேண்டியிருக்கும். ஆகவே இரண்டு பேர் வேண்டும், முறை மாற்றுவது யார் எப்போது என்று முன்பே எழுதி வைக்க வேண்டும்.

மூன்று இரவு தொடர்ந்து உறக்கம் இல்லாவிட்டால் வெளியே வந்துவிடுங்கள். அதை இப்போதே முடிவு செய்யுங்கள், உள்ளே போய் முடிவு செய்யலாம் என்று விடாதீர்கள்.

மூடுகலம் | ஜூன் 10, காலை 6:15

கதவுக்கு வெளிப்பூட்டு கூடாது, உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும். காற்றுக்கு மணிக்கு 36 கன மீட்டர் வெளிக்காற்று வரும்படி ஒரு சிறு மின்விசிறியும் எதிர்ச்சுவரில் ஒரு துவாரமும் போதும். அப்போது கரியமில வாயு 1,100 பிபிஎம்முக்குள் (பத்து லட்சம் பங்கு காற்றில் 1,100 பங்கு) நிற்கும். அடுப்பை உள்ளே எரிக்காதீர்கள், மின் அடுப்பு மட்டும். சென்சாரை மாட்டும் முன் ஒரு மணி நேரம் திறந்த வெளியில் வைத்து 420 பிபிஎம் அருகில் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு தலையணை உயரத்தில், படுக்கையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி மாட்டுங்கள். மூச்சு நேராகப் பட்டால் தப்பான எண் காட்டும்.